டீச்சரின் மணம்

இன்று காருக்கு அடிக்கும்போது கையில் சிந்திய பெற்றோலின் மணம், இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிதில் பிளேஸ்டோவில் நாலு குடும்பங்கள் நெருக்கியடித்து இருந்த, பிறகு இடித்துவிட்ட அந்த வீட்டுப் படிக்கட்டுக்கு என்னைக் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் படிப்பித்த பள்ளிக்கூடங்களைச் சண்டை மூடிவிட, இங்கே பெற்றோல் ஷெட்டில் நின்ற அப்பாவையும் ஒஃபிஸ் கந்தோர்களில் நிலம் துடைத்த அம்மாவையும், அந்த வீட்டில் எல்லோரும் மாஸ்டர், டீச்சர் என்றேதான் கூப்பிட்டார்கள்.

“டீச்சர், சாப்பிடேல்லையோ?”

“ஏலாது, கொஞ்சம் படுக்கிறன்,” என்பார் வேலையால் வந்த அம்மா.

மாஸ்டர் என்றால் பெற்றோல் மணக்கும், டீச்சர் என்றால் பிளீச் மணக்கும் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல்நாள், தன்னை டீச்சர் என்ற வெள்ளைக்காரியின் கையை மணந்து பார்த்தேன், பூ மணந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்:

“அவ டீச்சர் இல்லை அம்மா, பொய் சொல்லுறா.”

அம்மா சிரிக்கவில்லை. எழும்பிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார், கனநேரம் கழுவினார்.