யாக்கூப் ஓதிய தண்ணீர்

தென்காசியில் தறி நெய்த யாக்கூப் அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டால், அவர் நெசவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நெசவு சுமார்தான். ஆனால் அவர் ஓதி ஊதினால் காய்ச்சல் இறங்கும் என்பார்கள்.

அந்தியில் மஃரிபு தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது, பள்ளிவாசல் முன்னால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் நெற்றியில் திருநீறு இருக்கும். தொழுதுவிட்டு வரும் மற்ற ஆண்கள் ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டு நடையைக் கட்டுவார்கள். யாக்கூப் நின்று பெயர் கேட்பார். சொந்தப் பிள்ளை இல்லாத மனிதர். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார் என்று, அடுத்த வீட்டுக்காரனான எனக்குத் தோன்றும்.

பின்தெரு முத்துவடிவின் மகன் சுந்தரபாண்டியன் அவர் ஊதி வளர்ந்த நோஞ்சான். அவன் பட்டாளத்தில் சேர்ந்தபோது, "நான் ஊதுன மூச்சுல வளந்த ஒடம்புல்லா அது" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

அவருடைய தம்பி மூசா, நாடு பிரியும் முன்பே பிழைப்புக்குக் கராச்சி போய் அங்கேயே தங்கிவிட்டவன். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் போதும், "மூசா இருந்தா இந்நேரம் அருவிக்கு இழுத்துட்டுப் போயிருப்பான்" என்று ஏங்குவார். அவனைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு உண்டு.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு போர் வந்தது. கராச்சித் தபால் நின்றது. டீக்கடையில் ஒருவன், "உங்க தம்பி என்ன சொல்லுதாரு?" என்று இளித்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாக்கூப் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் கண்டால் இரண்டு வார்த்தை பேசாமல் போகாத முத்துவடிவு, இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதுதான் தாங்கவில்லை.

"அவளே என்னச் சந்தேகப்படுதா ராபியா. அப்பம் நான் எந்த ஊர்க்காரன்?" என்று மனைவியிடம் குமுறினார். சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் முத்துவடிவு செம்பில் தண்ணீரோடு அவர் வீட்டுக்கே வந்தாள்.

"பாண்டியன் பஞ்சாப் எல்லையில நிக்கான் அண்ணாச்சி. ஓதித் தாங்க."

"இத்தன நாளா ஏன் வரல?"

"என்னன்னு வர? எம்புள்ள ஜெயிக்கணும்னா, உங்க தம்பி இருக்க ஊருல்லா தோக்கணும். அத உங்ககிட்டக் கேக்க வாய் வருமா?"

யாக்கூபுக்கு வந்ததே கோபம். "ஏட்டி கிறுக்கி! அவன் எங்கன இருந்தா எனக்கென்ன? நான் இருக்கது இங்கன. எம்புள்ளைக்கு ஓத நீ வந்து சொல்லணுமா? தொழுகைக்குத் தொழுக ஓதிட்டுத்தான் இருக்கேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

செம்பை வாங்கி, சுந்தரபாண்டியன் பெயரைச் சொல்லி ஓதி ஊதினார். பிறகுதான் உறைத்தது.

"இத அவனுக்கு எப்படிக் குடுப்பே?"

"நான் குடிக்கேன். பெத்த வயித்துல சேந்தா புள்ளைக்குச் சேராதா?"

வாயருகே கொண்டுபோனவள், குடிக்காமல் செம்பை மறுபடி அவரிடம் நீட்டினாள்.

"உங்க தம்பி பேரையும் சொல்லி ஊதுங்க அண்ணாச்சி."

யாக்கூப் செம்பை வாங்கிக்கொண்டார். "அவனப் பெத்தவ போயிச் சேந்துட்டாளே தாயி. யாரு குடிக்க?"

"நான் எதுக்கு இருக்கேன்? ஊதிக் குடுங்க" என்றாள்.