செங்கோட்டை வரை போய்விட்டு முடிவெடுத்த ரயில் பயணம்

போன ஆடி மாதம், நான் துபாய்க்குத் திரும்ப ஐந்து நாள் இருக்கும்போது, நானும் என் மனைவி ஜீனத்தும் மலைப்பாதை ரயிலில் புனலூர் போனோம். பயணத்தைவிட, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் நேரம் பிடித்தது.

எங்கள் மேலப்பாளையத்தில், வெளிநாடு கிளம்புகிறவன் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் நேரில் போய் பயணம் சொல்ல வேண்டும். போகாவிட்டால் குறை. எனக்கு இன்னும் எட்டு வீடு மிச்சம், மற்ற வேலைகள் போக கையில் ஒரே ஒரு நாள். அதே நாளில்தான் ரயிலிலும் போக முடியும். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு லீவுக்கும் "அடுத்த லீவில் ரயில்" என்று ஜீனத்திடம் சொல்லி வந்தவன் நான். இந்தத் தடவை அவளே மறுத்தாள்.

"நீங்க ஏறிப் போயிருவீங்க. எட்டு வீட்டுப் பேச்சையும் கேக்கப் போறவ நாந்தான்."

செங்கோட்டை வரை போவோம், மனசு வராவிட்டால் அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம் என்று சமாதானம் சொல்லி ஏற்றினேன். திருநெல்வேலியில் காலை 9.50க்கு வண்டி. ஆளுக்கு இருபது ரூபாய், சுமார் எண்பது கிலோமீட்டர். சேரன்மகாதேவி தாண்டியதும் வயலும் வாழையும் தண்ணீருமாக வந்தன. மலை எங்களோடு கூடவே நடந்து வந்தது. அம்பாசமுத்திரத்தில் காற்றில் சாரல் வாசம். ஜீனத்தோ விரல்விட்டு வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இறைவன் பெயரை எண்ணி எண்ணி தஸ்பீஹ் ஓதுகிறாயா என்று கேட்டேன். முறைத்தாள்.

செங்கோட்டையில் பன்னிரண்டு மணிக்கு இறங்கினோம். புனலூர் வண்டி மூன்று மணிக்கு. அதற்குள் நெல்லைக்கு ஒரு வண்டி இருந்தது. அதில் திரும்பினால் சாயங்காலத்துக்குள் நாலு வீடாவது முடிக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டோம். முடிவை அவளிடமே விட்டுவிட்டேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

கடைசியில் அவளே என் அக்காவுக்குப் போன் போட்டாள். குறை சொல்வதில் எங்கள் குடும்பத்துக்கே தலைவி அக்காதான். ஜீனத் இருக்கும் இடத்தை மறைக்காமல் சொன்னாள். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஏளா, பயணம் சொல்ல வரலன்னா நான் கோவிச்சுக்கிடத்தான் செய்வேன். அது எம் பாடு. நீ அதுக்காவ மலையப் பாக்காம வந்துராத."

நெல்லை வண்டி எங்களை விட்டுவிட்டுப் போனது.

புனலூருக்கு சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டி என்பதால் டிக்கெட் முப்பது ரூபாய். பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை. இருட்டில் ஜீனத்தின் கை என் கையைத் தேடி வந்தது. வெளியே வந்தால் வேறு உலகம்: ஈரப் பச்சை, மரத்துக்கு மரம் தொங்கும் மேகம். பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி பைய ஊர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். விரல்கள் எண்ணுவதை எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: ரயில் நேரம் மாறும், முதல்நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். பெட்டி காலியாக இருந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி உட்காருங்கள். திரும்ப, புனலூரிலிருந்து தென்காசிக்குப் பேருந்து உண்டு.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வழியனுப்ப வந்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இங்கே துபாய் வந்தபின் ஜீனத் எட்டு வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். எப்படித் தாங்கினாய் என்று போனில் கேட்டேன்.

"அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் பாலத்து மேல போய்க்கிட்டு இருந்தேன்."