பன்னிரண்டு மணிக்குப் பிறகு யார் கையெழுத்து

கோகிலாவின் மகள் அழைத்தபோது நான் பிஸ்கட்டவே ஊரில் ஒரு மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். "அங்கிள், அம்மா காலைல போயிட்டாங்க," என்றாள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், யாருக்குப் பிறகு என்று அம்மா முன்பே சொல்லி வைத்திருந்ததாகச் சொன்னாள். அழ வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் போவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நம் தமிழ்ச் சங்கத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்தவர்கள் குறைவு. வெள்ளமும் புயலும் வரும்போது மாநிலங்களுக்கு உதவும் ஓர் அரசு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். அதன் தலைவரை நியமிப்பவர் அதிபர். அதிபர் மாறினால் தலைவரும் போய்விடுவார். எங்களைப் போன்ற நிரந்தர ஊழியர்கள் இருப்போம். பழையவர் எழுந்து புதியவர் அமரும்வரை வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது கோகிலாவின் பொறுப்பு. யார் வெல்வார் என்று யாருக்கும் தெரியாத மாதங்களிலேயே அதற்கான ஆயத்தத்தைத் தொடங்கிவிடுவார்.

ஒரு தேர்தலுக்கு முன், நண்பர் வீட்டுத் தீபாவளி விருந்தில் ஒருவர் அவரைச் சீண்டினார்.

"மேடம், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? யாருக்கு சேர் போட்டு வச்சிருக்கீங்க?"

"ரெண்டு பேருக்குமே போட்டாச்சுங்க," என்றார் கோகிலா, தன் கோபிச்செட்டிப்பாளையத்துப் பேச்சில். "உக்காரப் போறது யாருன்னு நீங்கதான் சொல்லோணும். ஓட்டுக்கு ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?"

"இல்ல மேடம், ஆபீஸ்ல கொஞ்சம் பிஸி..."

"அப்பறம் சேரைப் பத்தி உங்களுக்கு என்னங்க கவலை?"

அறையே சிரித்தது. அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது கடைசிவரை அவர் கணவருக்கும் தெரியாது.

புதியவர்களுக்காக நாங்கள் தயாரிக்கும் விளக்கக் குறிப்பில் வெள்ளத் தடுப்பு பற்றிய பகுதி என்னுடையது. 'சிறப்பாக நடைபெறும் திட்டம்' என்று எழுதியிருந்தேன். 'சிறப்பாக' என்ற சொல்லைக் கோகிலா அடித்தார். "இது போறவங்க பேச்சுங்க சார். வர்றவங்க தாங்களே பாத்துச் சொல்லட்டும். என்ன நடக்குதோ அதை மட்டும் சொல்லுவோம்." நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்; அதில் பாதிக்கும் மேல் வெட்டினார். பொறுப்பேற்கிற முதல் நாளில் யாராலும் நாற்பது பக்கம் படிக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த முறை ஆட்சி மாறியது. புதிய அதிபர் பதவியேற்கும் நாள் நண்பகலில் எங்கள் தலைவரின் அதிகாரம் முடியும். புதிய தலைவர் மறுநாள்தான் வருவார். இடையில் கையெழுத்திடும் அதிகாரத்துக்கு மேலிடத்தின் ஒப்புதலுடன் கோகிலா என் பெயரைப் போட்டிருந்தார். நான் பதறிப் போனேன். எனக்கு லிஃப்டில் பொத்தான் அழுத்துவதற்கே இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

"வேற யாராவது தைரியமானவங்களாப் போடுங்களேன்," என்றேன்.

"தைரியசாலிக்கு அந்த நாற்காலி பிடிச்சுப் போயிருமுங்க. நீங்க எப்படா எந்திரிப்போம்னு இருப்பீங்க. எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

அதோடு விடவில்லை. ஒரு வாரம் எனக்கு ஒத்திகை வைத்தார். பக்கத்து அறையிலிருந்து போன் செய்து, மாநில அதிகாரி போலக் கத்துவார். நான் தடுமாறினால், "வைங்க, மறுபடியும் கூப்பிடறேன்," என்பார்.

அந்த நாள் வந்தது. தலைவரின் பெயர்ப்பலகையைக் கழற்ற ஒருவர் முன்கூட்டியே வந்து நின்றார். கோகிலா தடுத்தார். "பன்னண்டுக்கு முன்னால எடுத்தா அவருக்கு அவமரியாதை, அதுக்கு மேல விட்டு வச்சா பொய்," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். நண்பகலில் பலகை இறங்கியது. உலகின் மிகப் பெரிய அதிகாரம் கைமாறிய அந்த நேரத்தில் எங்களுக்குக் கேட்டது ஹீட்டரின் இரைச்சல் மட்டும்.

சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. ஆற்றில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு, கரையோர ஊர் ஒன்றில் தண்ணீர் புகுந்துவிட்டது. அங்கே ஒரு முதியோர் இல்லம். படகுகளும் பம்புகளும் எங்கள் கிடங்கில் இருந்தன. கையெழுத்து இல்லாமல் வண்டி நகராது. பழக்கத்தில் நான் பழைய தலைவரைப் பார்த்தேன். அவர் இன்னும் கிளம்பவில்லை. ஓவர்கோட்டோடு பார்வையாளர் நாற்காலியில் இருந்தார். பாதி எழுந்துவிட்டார்.

"சார், உங்கள் காபி ஆறுகிறது," என்றார் கோகிலா, ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக.

அவர் மீண்டும் உட்கார்ந்தார். கைகளை முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார். காலையில்கூட அவர் ஒரு சொல் சொன்னால் மாநிலங்கள் அசைந்தன. தோற்ற கட்சியின் மனிதர். மனத்தில் என்ன கசப்பு இருந்ததோ தெரியாது. யாரும் அவரைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. அதைப் போல வியப்பூட்டும் ஒரு காட்சியை நான் இந்த நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒத்திகையில் கேட்ட கேள்விகளையே கேட்டேன். எத்தனை பேர், எந்தச் சாலை திறந்திருக்கிறது, அங்கே பொறுப்பு யார். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. வண்டிகள் கிளம்பின. முதியோர் இல்லத்தில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள் என்று மாலையில் செய்தி வந்த பிறகே பழைய தலைவர் எழுந்தார். என் கையைக் குலுக்கினார். கோகிலாவிடம், "காபி நன்றாக இருந்தது," என்றார்.

மறுநாள் புதியவர் வந்தார், மற்றக் கட்சிக்காரர். நடந்ததைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் கோகிலா நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், இப்ப எப்படி இருக்குது?"

"கை லேசா இருக்கும்மா," என்றேன்.

"அதுதானுங்க வேணும். வாங்க, சாப்பிடப் போலாம்."

அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று இப்போதும் ஐயம்தான். வாழ்நாள் முழுவதும் நான் வெட்கப்பட்ட என் பயத்துக்கு ஒருவர் ஒருநாள் வேலை கொடுத்தார். ஒப்படைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றபோது என் கையில் இருந்த அந்த லேசு இருக்கிறதே, அதைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன்.