நின்ற இடமெல்லாம் தேத்தண்ணி

கெண்டைக்கால் வலிக்கு இங்கே எல்லோரும் சொல்லும் காரணம் குளிர். பூனாகலைப் பக்கத்துத் தேயிலை மலையில் இருப்பவன் அதை நம்பாமல் எப்படி இருப்பான்? நானும் இரண்டு வருடம் நம்பினேன். தைலம் தேய்த்தேன், காலுறை இரண்டு சோடி போட்டேன், அடுப்படியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் பதுளைக் கிளினிக்கில் ஒரு டாக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளைவிட வயது குறைந்தவர், என் பாதத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் எதையோ தேடினார். நாடி சரியாகப் பிடிபடவில்லை என்றார். காலுக்குப் போகும் இரத்தக் குழாய் சுருங்கிவிட்டதாம். நடக்கும்போது சதைக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேருவதில்லை, அதுதான் வலி. நெருப்பில் காலைக் காட்டினால் தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது, இனி அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றும் கண்டித்தார்.

மாத்திரை மூன்று எழுதினார். ஆனால் பெரிய மருந்து நடைதான் என்றார். வலி வரும்வரை நடக்க வேண்டும். நன்றாகப் பிடித்ததும் நிற்க வேண்டும். அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது. வெற்றிலையோடு போடும் புகையிலையை அன்றைக்கே விட வேண்டும். என் எடை எண்பத்து நான்கு கிலோ. அதுவும் இறங்க வேண்டும். மூன்று மாதத்தில் தேறவில்லையென்றால் கொழும்புக்கு அனுப்பிக் குழாயைத் திறக்கப் பார்க்க வேண்டிவரும்.

கொழும்பு என்றால் எனக்கு ஆஸ்பத்திரி மட்டுமல்ல. என் மகள் கொழும்பை ஒட்டிய வத்தளையில் நான்காவது மாடியில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், "வந்தீங்கன்னா பிறகு அங்க திரும்பிப் போக விடமாட்டேன் அப்பா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அந்த வீட்டில் நானும் மனைவியும் ஒரு முறை ஒன்பது நாள் தங்கியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மாடியின் தண்ணீர்த் தாங்கிகள் தெரியும். பதினொன்று. ஒன்பது நாளும் அவற்றைத்தான் எண்ணினேன். மிச்சக் காலத்தையும் அவற்றை எண்ணிக் கழிக்க எனக்கு மனமில்லை. இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் கால் தேற வேண்டும்.

ஆகவே நடக்கத் தொடங்கினேன். வீட்டிலிருந்து ஃபெக்டரி வரைக்கும் போகும் பாதையில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் மூன்று லயங்கள் இருக்கின்றன. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் முப்பத்தோரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஆளாகவே அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். முதல் லயத்தை நெருங்கும்போதே கெண்டைச் சதை கயிறு முறுக்கினாற்போல் இறுகிவிடும். நிற்கத்தான் வேண்டும். ஆனால் நடுப்பாதையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சும்மா நிற்பதை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனவே பக்கத்து வாசலைப் பார்த்துச் சுகம் விசாரித்தேன். மகனுக்கு வேலை கிடைத்ததா, கூரைத் தகரம் மாற்றித் தந்தார்களா, மாடு கன்று போட்டதா. பேசி முடிப்பதற்குள் வலி அடங்கிவிடும்.

லயத்து வாசலில் நின்று சுகம் கேட்டவனை அவர்கள் வெறும் வாயோடு அனுப்புவதில்லை. தேத்தண்ணி வந்துவிடும். விருந்தாளிக்கு என்று சீனி கூடுதலாகப் போட்டிருப்பார்கள். கூடவே ரொட்டி, இல்லாவிட்டால் பிஸ்கட். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு காலத்தில் எங்களைப் போன்ற உத்தியோகக்காரர்கள் லயத்தில் கை நனைக்க மாட்டார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது நான் கிளாசைத் தள்ளிவைத்தால் அந்தப் பழைய எண்ணத்தில்தான் தள்ளிவைக்கிறேன் என்று நினைப்பார்கள். குடித்தேன். போகும்போது மூன்று, வரும்போது மூன்று. வீட்டில் குடிப்பது வேறு.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக்கில் தராசில் ஏறினேன். எண்பத்தாறரை. டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன ஐயா, நடக்கச் சொன்னா கலியாண வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறீங்கள்."

நர்ஸ் சிரித்தாள். நடை கொஞ்சம் தேறியிருப்பதாகவும், ஆனால் இந்த எடையைச் சுமந்துகொண்டு கால் அதிக தூரம் தாங்காது என்றும் அவர் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பஸ்ஸில் வரும்போது வத்தளைத் தண்ணீர்த் தாங்கிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

வழியை மாற்றிப் பார்த்தேன். தேயிலை மலைக்குள் போகும் பாதையில் நாலு நாள் நடந்தேன். செங்குத்து ஏற்றம், அட்டைக் கடி, நின்றால் பிடிக்க ஒரு கம்புகூட இல்லை. ஐந்தாம் நாள் பழைய பாதைக்கே திரும்பினேன். தேத்தண்ணியும் திரும்பி வந்தது.

அந்த வாரம் என் மனைவி கோவிலுக்குப் போய்விட்டு வந்து, பையைக் கீழே வைக்காமலே என் முன்னால் நின்றாள்.

"நான் உங்களுக்குத் தேத்தண்ணி குடுக்கிறதில்லையாமே."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"மூணு லயமும் சொல்லுது. பாவம் கணக்கப்புள்ள, வாசல் வாசலா வந்து நிக்கிறாரு, வீட்டுல என்ன கஷ்டமோன்னு. நாலு நாளு ஆளக் காணோம்னதும் பட்டினி கெடக்கிறீங்களோன்னு பயந்துட்டாங்களாம்."

அவள் சத்தம் போடவில்லை. நாற்பத்தாறு வருடமாக விடியற்காலையில் எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றியவள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே போய் கால் வலி என்று சொல்லிவிடும்படி சொன்னாள். இல்லாவிட்டால் தான் மட்டும் மகளிடம் போய்விடுவதாகவும், நான் இங்கேயே ஊர்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நடு லயத்தில் வலி பிடித்தது. அங்கே முதல் வீட்டில் இருப்பவள் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். என்னைக் கண்டதும் அடுப்பில் கேத்தலை வைக்கத் திரும்பினாள். நான் நிறுத்தினேன்.

"தேத்தண்ணி வேணாம் தங்கச்சி. கால்ல ரத்தம் சரியா ஓடுறதில்ல. வலி வந்தா நிக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். அதுக்குத்தான் இங்க நிக்கிறேன்."

அவள் என் காலைப் பார்த்தாள்.

"இம்புட்டு நாளும் அதுக்கா நின்னீங்க?"

"ஆமா."

"அப்ப எம்மவனுக்கு வேலை கெடைச்சிருச்சான்னு தெனம் கேட்டது?"

வலி அடங்கிவிட்டது, ஆனாலும் நகர முடியாமல் நின்றேன். அவளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். எடையும் ஏறிவிட்டது என்று சொன்னேன். தராசில் கூடையின் எடைக்கு என்று எங்கள் கொழுந்தில் கழிப்பீர்களே, அந்த நர்சம்மாவிடம் சட்டைக்கும் செருப்புக்கும் கழிக்கச் சொல்ல வேண்டியதுதானே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மகனுக்குப் பெரகலையில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் பத்து நாளாகிறதாம். நான் கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு யாரும் தேத்தண்ணி தரவில்லை. பதிலாக எல்லோரும் என் காலை விசாரிக்கிறார்கள். நேற்றைவிட இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டீர்கள் என்கிறார்கள். ஏன் இன்றைக்கு முன்னாலேயே நின்றீர்கள் என்று கேட்கிறார்கள். வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லும் ஒருவருக்குத் தினமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தேத்தண்ணியே பரவாயில்லை என்று நினைத்த நாட்களும் உண்டு.

மூன்றாம் மாதம் எண்பத்திரண்டு கிலோ. டாக்டர் மறுபடி பாதத்தில் விரலை வைத்தார். நாடி பழையபடிதான் இருக்கிறது, அது பெரிதாக மாறாது. ஆனால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடியிருக்கிறது, இப்போதைக்குக் கொழும்பு வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். இப்படி எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். விட்டால் வலி திரும்பி வரும், ஆகவே விடவேண்டாம் என்றார்.

மகளிடம் போனில் சொன்னேன். சரி அப்பா, மூன்று மாதம் பார்ப்போம் என்றாள். எல்லோரும் எனக்கு இப்போது மூன்று மூன்று மாதமாகத்தான் தருகிறார்கள்.

இன்று காலை மழை. டாக்டர் சொல்லியிருக்கிறபடி கால்விரல் இடுக்கில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலுறையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நடு லயத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வலி வந்தது. நின்றேன்.