கப்பல்மேல் நின்றவர்களின் ஷூ

அன்று காலைக் கூட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். டீம் லீட் நஸ்ரின் அக்கா, எழுதியதைச் சரிபார்த்து க்யூசி பார்க்கும் டில்லி பாபு அண்ணன், டிரெய்னியாகச் சேர்ந்து ஐந்து மாதமான நான். இல்லாதவர், வரலாறு படித்தவர். எங்கள் அலுவலகத்தில் வரலாற்றில் எம்.ஏ. முடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தன் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் லீவில் போயிருந்தார். அந்த வாரம் பார்த்து வந்து இறங்கியது ஓர் அமெரிக்க வரலாற்றுப் பாடப்புத்தகம்.

புதிதாக மூன்று பேர் எங்கள் டீமில் சேர்கிறார்கள். அவர்கள் படிப்பதற்காக இதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் நஸ்ரின் அக்கா. "டிரெய்னிங் பிபிடியை யாரும் படிக்கறதில்ல குமரேசா. நடந்ததை எழுது, படிப்பாங்க" என்றார். நடந்ததை எழுதுகிறேன்.

விதி

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு கட்டில் பீரோ கடைக்கு மேல் இருக்கிறது எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது, மின்னூல் செய்து கொடுப்பது எல்லாம் நடக்கும். எங்கள் டீமின் வேலை ஆல்ட் டெக்ஸ்ட். பார்வை இல்லாத மாணவர்கள் கணினியில் பாடம் படிக்கும்போது எழுத்தை மென்பொருள் வாசித்துவிடும். படம் வந்தால் அது என்ன செய்யும்? படத்துக்குப் பின்னால் நாங்கள் எழுதி வைத்திருக்கும் இரண்டு வரியை வாசிக்கும். அந்த இரண்டு வரிதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கோவளத்தில் படகுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். வேலையை அம்மாவிடம் விளக்கியபோது அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"படத்துல இன்னா கீதுன்னு எயுதறதுக்கா சம்பளம் தர்றான்?"

"கண்ணு தெரியாதவங்க படிக்கறதுக்கும்மா."

"அப்ப ஒயுங்கா எயுது. அவங்க எங்க போயி சரிபாப்பாங்க? அது சரி, எப்ப பர்மனெண்ட்டு? சந்தையில கேக்கறாங்க."

அதுதான் எனக்கும் தெரியாமல் இருந்தது. அமெரிக்கப் புத்தகம் வந்த அன்று நஸ்ரின் அக்காவே சொல்லிவிட்டார். "முதல்ல நாப்பது படம் பைலட்டா, சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அது பாஸ் ஆனா மொத்தப் புத்தகமும் நமக்கு. உன்னை பர்மனெண்ட் பண்ணிடலாம். பாஸ் ஆகலேன்னா இன்னொரு ஆளுக்கு இங்க வேலை இல்ல. உன்கிட்ட மறைக்க விரும்பல."

அக்கா எதையும் சுற்றி வளைக்க மாட்டார். அவர் மானிட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. டீமில் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் அதைத்தான் காட்டுவார். படத்தில் ஒருவர் அழுதால் அழுகிறார் என்று எழுதலாம். கடன் தொல்லையால் அழுகிறார் என்று எழுதக் கூடாது. நல்ல விதி. எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

கப்பல்

பைலட் படங்கள் ஒரு போல்டரில் வரும். படத்துக்கு எண் மட்டும் இருக்கும். பாடம் தனி போல்டரில் கிடக்கும், அதை நாங்கள் திறப்பதில்லை. படத்துக்குத்தான் காசு, பாடம் படிக்க இல்லை என்பது அப்போதைய வழக்கம்.

ஐந்தாம் பாடத்தின் மூன்றாவது படம் எனக்கு வந்தது. பழைய அச்சுப் படம். துறைமுகத்தில் ஒரு பாய்மரக் கப்பல். அதன் மேல்தளத்தில் தலையில் இறகு செருகிய ஆட்கள் மரப்பெட்டிகளைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். கரையில் கூட்டம் தொப்பியை ஆட்டுகிறது.

கப்பலைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. பாய் சுருட்டிக் கட்டியிருக்கிறது, ஆகவே கப்பல் ஓடவில்லை என்று எழுதினேன். கயிறு எங்கே கட்டியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எழுதினேன். இறகு வைத்தவர்களின் காலில் பக்கிள் வைத்த ஷூ இருக்கிறது என்றும் எழுதினேன். ஒரு பக்கம் ஆகிவிட்டது.

டில்லி பாபு அண்ணன் அதைப் பார்த்தார். பத்து வருடமாக க்யூசி பார்க்கிறவர், தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வரியைப் பார்த்தால் அதில் எத்தனை வார்த்தை தேவையில்லை என்று நொடியில் சொல்லுவார்.

"இன்னாபா இது, கடல் நிலவரமா? மீனவர்களுக்கு எச்சரிக்கைன்னு மேல போட்டுடலாமா?"

"படத்துல இருக்குண்ணா."

"படத்துல ஆயிரம் கீது. கேக்கற புள்ளைக்கு பரீட்சை கீது. கயிறு கட்."

"சரிண்ணா."

"பாய் கட். ஷூ இன்னாத்துக்கு? கப்பல்ல ஏறினா செருப்பு போட மாட்டானா? கட்."

மிஞ்சியது இதுதான்: இறகு அணிந்த பூர்வகுடி மக்கள் கப்பலிலிருந்து பெட்டிகளைக் கடலில் எறிகிறார்கள், கரையில் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. நஸ்ரின் அக்கா படித்துப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெட்டிக்குள் இருந்தது தேயிலை என்றுகூட நாங்கள் எழுதவில்லை. பெட்டி மூடியிருந்தது. தேயிலையை யாரும் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை நான் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருக்கிறேன். கொட்டினார்கள் என்பது வரைக்கும் ஞாபகம். கொட்டியவர்கள் எப்படி வேடம் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பது அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் வரவில்லை போலிருக்கிறது.

மைக்

பைலட் அனுப்பிய நான்காம் நாள் மாலை கிளையண்ட் கால். அந்தப் பக்கம் டயான் என்ற அம்மையார். பதிப்பகத்துக்காக ஆல்ட் டெக்ஸ்ட்டைச் சோதிக்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் எழுத்தின் உண்மையான வாசகர் ஒருவரோடு நாங்கள் பேசியது அதுவே முதல் தடவை. கிளையண்ட் காலில் டிரெய்னி வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் மரபு. என் மைக் ஆஃபில் இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

டயான் கோபமாகப் பேசவில்லை. 

"ஐந்தாம் பாடத்தில் ஒரு குழப்பம். இங்கிலாந்து போட்ட வரியை எதிர்த்து, பாஸ்டன் ஊரில் குடியேறியிருந்த வெள்ளைக்காரர்கள், பூர்வகுடிகளைப் போல வேடம் போட்டுக் கப்பலில் ஏறித் தேயிலையைக் கொட்டினார்கள் என்று பாடம் சொல்கிறது. நீங்கள் பூர்வகுடிகளே கொட்டினார்கள் என்கிறீர்கள். நான் யாரை நம்புவது, பாடத்தையா, படத்தையா?"

நஸ்ரின் அக்கா எங்கள் விதியைச் சொன்னார். பார்த்ததை மட்டும்தான் எழுதுவோம், பார்த்தது இறகுதான் என்றார்.

"நல்ல விதி. அப்படியென்றால் எனக்கு ஒரு சந்தேகம். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, பார்வை உள்ள மாணவன் இதே படத்தைப் பார்க்கிறான். இவர்கள் வேடம் போட்டவர்கள் என்று அவனுக்குப் படத்திலிருந்து தெரியுமா? தெரியுமென்றால் எதை வைத்து? தெரியாதென்றால் படம்தான் தவறு, உங்கள் மீது குற்றமில்லை."

அக்கா படத்தைத் திரையில் பெரிதாக்கினார். டில்லி பாபு அண்ணன் மூக்கு திரையில் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தார். இருவரும் இறகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மைக்கின் மேல் கை வைத்தேன்.

"டேய், ஆன் பண்ணாத" என்று கிசுகிசுத்தார் டில்லி பாபு அண்ணன். "கெட்டுது போ."

நான் பேசியது நல்ல ஆங்கிலம் இல்லை. "மேடம், காலைப் பாருங்கள்" என்று ஆரம்பித்துவிட்டேன். பார்வை இல்லாதவரிடம் பாருங்கள் என்றா சொல்லுவது? நஸ்ரின் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் நிறுத்தாமல் சொன்னேன். இறகுக்குக் கீழே போர்வை, போர்வைக்குக் கீழே முழங்கால் வரைக்கும் கால்சட்டை, வெள்ளைக் காலுறை, பக்கிள் வைத்த ஷூ. கரையில் தொப்பியை ஆட்டுகிறவர்கள் போட்டிருப்பதும் அதே ஷூ.

  டயான் சிரித்தார்.

"நான் காலைப் பார்த்துவிட்டேன். வேடம் போட வந்தவர்கள் ஷூவை மறந்துவிட்டார்கள். அல்லது வரைந்தவர் மறக்கவில்லை. இதை ஏன் எழுதவில்லை?"

யாரும் டில்லி பாபு அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அவரே மைக்கை ஆன் செய்து, "மேடம், நான்தான் வெட்டினேன்" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த நொடியில்தான்.

பைலட் பாஸ் ஆகவில்லை. ஃபெயிலும் ஆகவில்லை. பாடத்தைப் படித்துவிட்டு நாற்பதையும் திரும்ப எழுதி, இரண்டு நாளில் கொடுங்கள் என்றார் டயான். படிக்கிற நேரத்துக்குத் தனிக் காசு கிடையாது.

ரயில்

அந்த இரண்டு நாளைப் போல நான் எந்தக் காலத்திலும் படித்ததில்லை. நஸ்ரின் அக்கா குடியேற்றக் காலத்தை எடுத்துக்கொண்டார், டில்லி பாபு அண்ணன் உள்நாட்டுப் போரை, நான் ரயில் பாதையிலிருந்து பெண்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனது வரைக்கும். டில்லி பாபு அண்ணன் வாய்விட்டுத்தான் படிப்பார்.

"இன்னாபா அநியாயமா கீது. எல்லாரும் சமம்னு சுதந்திரப் பத்திரம் எயுதி கையெயுத்து போட்டவன் வூட்லயே அடிமைங்க வேலை செய்துகினு இருந்துக்கிறாங்க."

"அண்ணா, என்னால படிக்க முடியல."

"எனக்கே முடியல. அதான் சத்தமா படிக்கறேன்."

கடைசியில் ஒரு போட்டோவில் மாட்டிக்கொண்டோம். கிழக்கிலிருந்து போட்டு வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து போட்டு வந்த தண்டவாளமும் சேர்ந்த நாள். இரண்டு இன்ஜின் நேருக்கு நேர் நிற்கிறது. நடுவில் இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள். சுற்றிலும் பெரிய கூட்டம், இன்ஜின் மேல்கூட ஆள். மேற்குப் பக்கத்துப் பாதையை, மலையைக் குடைந்து போட்டதில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள் என்று பாடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. படத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். சீனர் என்று ஒருவரைக்கூட அடையாளம் சொல்ல முடியவில்லை.

"இல்லைங்கறதை எழுதணும்க்கா" என்றேன்.

"பார்த்ததைத்தானே எழுதணும்? இல்லாததை எப்படிப் பார்த்தே?" அக்கா கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

டில்லி பாபு அண்ணன் விடுவாரா? "இல்லாதவன எல்லாம் எயுத ஆரம்பிச்சா முடியுமா? அந்த போட்டோல நான்கூடத்தான் இல்ல."

"நீங்க தண்டவாளம் போடலையேண்ணா" என்றேன்.

 அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சரி, எயுது. எப்டி எயுதறதுன்னு நான் சொல்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். இன்ஜின், கை குலுக்கல், கூட்டம். கடைசியில் ஒரு வரி: பாடம் குறிப்பிடும் சீனத் தொழிலாளர்கள் இந்தப் படத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக் குறிப்பும் வைத்தோம். இந்த வரி விதியை மீறுகிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள் என்று. மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும், தெரிவித்துவிட்டு மீற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. புத்தகம் எங்களுக்கு. ரயில் வரிக்குப் பக்கத்தில் டயான் இப்படிப் போட்டிருந்தார்: எடுக்காதீர்கள், பார்வை உள்ளவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

நஸ்ரின் அக்கா அந்த மெயிலை எனக்குக் காட்டிவிட்டு, அப்படியே எச்.ஆர். அறைக்குப் போனார். சாயங்காலம் என் கழுத்தில் புது ஐடி கார்டு தொங்கியது. டிரெய்னிக்குச் சிவப்பு நாடா, பர்மனெண்ட் ஆனவருக்கு நீலம். அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீலமா? இரு, சந்தையில சொல்லிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

பில்

மானிட்டர் சீட்டில் அக்கா ஒரு வரி சேர்த்தார். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே, பாடத்தைப் படித்துவிட்டுப் பார். கூடவே ஓர் அபராதமும் அறிவித்தார். இனி படத்தில் இருக்கிற நிஜமான ஒன்றை யார் வெட்டினாலும், வெட்டியவர் டீமுக்கு டீ, பஜ்ஜி வாங்க வேண்டும்.

"இனிமேதானே? பழசுக்கு இல்லல்ல?" என்றார் டில்லி பாபு அண்ணன்.

"ஷூவுல இருந்து" என்றார் அக்கா.

"தேயிலைய கடல்ல கொட்டினவன் எவனோ, டீக்கு துட்டு குடுக்கறவன் நானா?" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

கல்யாணம் முடிந்து வந்திருந்த எம்.ஏ. வரலாறு, பக்கத்து டீம்காரர்கள் என்று எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி ரோட்டோரக் கடை முன்னால் நின்றோம். வாழைக்காய் பஜ்ஜி கையைச் சுட்டது. யாரோ ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார்கள். நடுவில் நீல நாடாவோடு நான் நிற்கிறேன், வாயில் பாதி பஜ்ஜி. அதற்குக் கீழே நஸ்ரின் அக்கா ஆல்ட் டெக்ஸ்ட் எழுதினார்: கடை முன்னால் எட்டுப் பேர், எல்லோர் கையிலும் டீ, டில்லி பாபு படத்தில் இல்லை, உள்ளே பில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பில் நானூற்று ஐந்து ரூபாய்.