சாயங்காலம் வரை ஓடிய புரோகிராம்

குற்றாலத்தில் நான் தங்கிய லாட்ஜின் மேனேஜர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். சட்டைப் பையில் ஏழாம் நம்பர் அறைச் சாவி எப்போதும் இருக்கும். சாரல் சீசனில்கூட அந்த அறையை யாருக்கும் கொடுக்க மாட்டார். வீட்டைவிட்டுப் போன மகன் வந்தால் தங்குவதற்காம்.

தெரிந்த லாட்ஜுகளின் பல வருஷப் பதிவுகளை வாங்கி, ஞாயிறுதோறும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராமால் ஒன்றாகச் சேர்த்து மகன் பெயரைத் தேடுவார். லட்சக்கணக்கான வரிகள். காலையில் தட்டிவிட்டால் முடியச் சாயங்காலம் ஆகும்.

கம்ப்யூட்டர் வேலைக்காரன் நான், கை சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் ஒட்டும்போது, அதுவரை ஒட்டியதையெல்லாம் புரோகிராம் முதலிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எல்லா வரியையும் லிஸ்ட்ல போட்டுட்டு, கடைசில ஒரே தடவையா ஜாயின் பண்ணணும்” என்று சொல்லி, அவர் கேட்காமலே மாற்றிக் கொடுத்தேன்.

கண்மூடித் திறப்பதற்குள் ‘இல்லை’ என்று வந்துவிட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சாயங்காலம் வரைக்கும் எங்கனயாவது இருப்பான்னு நெனச்சிட்டு இருப்பேன், தம்பி. இப்ப எடுத்த எடுப்புலயே இல்லைன்னு சொல்லுதே.”

பழையபடியே மாற்றித் தந்துவிடலாமா என்று தோன்றியது. அப்போது மணி காலை பத்துகூட ஆகவில்லை.