மைக்கில் என் குரல் மட்டும்

எங்கள் வட்டாரத்து ஐந்து மெதடிஸ்ட் சபைகளும் ஆண்டுக்கொருமுறை கொட்டாரம் ஊரில் சேர்ந்து ஆராதிப்போம். சென்ற ஆண்டு முதல் பாட்டைத் தொடங்கும் பொறுப்பு எனக்கு. அருமனை சபையில் பாடும் ஸ்டெல்லா அக்கா போனில், “எந்த ராகம்? ஒத்திகை பாப்பமா?” என்று கேட்டார். “எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதானே அக்கா,” என்று தட்டிக்கழித்தேன்.

பாடத் தொடங்கிய பிறகே தெரிந்தது, அந்த ராகம் எங்கள் சபையில் மட்டும்தான் உண்டு. நான் முன்னதாகவே வந்துவிட்டேன்; எங்கள் சபையார் வரும் வேனோ இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாம் வரியில் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மைக்கில் என் குரல் மட்டும் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா எழுந்து, தப்பும் தவறுமாக, உரக்கச் சேர்ந்து பாடினார். பிறகு அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் பாடியது.

பந்தியில் மன்னிப்புக் கேட்டேன். “உன் ராகம் ஒண்ணும் பிடிகிட்டல மக்கா,” என்று சிரித்தார். “அதுக்காக ஒத்தையில பாட விடுவமா?”

பதினைந்து ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். பக்கத்தில் பாடுகிறவரின் குரலை அன்றுதான் கவனித்துக் கேட்டேன்.